பள்ளிப் பற்று எங்கே பிறக்கிறது?

பள்ளிப் பற்று என்றதும் கொடி, பந்தாட்டம், ஆண்டு விழா என்றே பேசுகிறோம். ஆனால், ‘இங்கே எனக்கும் இடம் உண்டு’ என்ற உறுதியில்தான் அது பிறக்கிறது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டச் சிதம்பரத்தில், 1916இல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளி இதற்குச் சான்று. தில்லைக் கோயிலுக்குள் போக ஏங்கிய அடியாரின் பெயரையே அவர் பள்ளிக்குச் சூட்டினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடத்தோடு விடுதியும் தந்தார். கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பையனுக்கு வேளாவேளைக்குச் சோறும், இரவில் படிக்க ஒரு விளக்கும் இல்லையென்றால், வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்து என்ன பயன்?

தனிப் பள்ளி பிரிவினையை வளர்க்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பொதுப் பள்ளிகளின் வாசலிலேயே தீண்டாமை வழிமறித்த காலம் அது; பிள்ளைகளைப் பிரித்தது அந்தக் கொடுமையே தவிர, இந்தப் பள்ளி அல்ல. சகஜானந்தரும் ஒதுங்கி நிற்கவில்லை. சட்டமன்றம் சென்று பொது உரிமைக்காக வாதாடினார். 1929இல் அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் படியேற முதலில் பள்ளிப் படிப்பை முடித்தாக வேண்டுமே! ஆகவே, சிதம்பரம் இன்று அடங்கியுள்ள கடலூர் மாவட்டத்தின் மாணவர் விடுதிகளுக்கு ஆகும் செலவைச் சலுகை என்று சொல்லாதீர்கள்; அது கல்விச் செலவு, அதில் கைவைக்கக் கூடாது.