மெஷினை விற்கின்றோம், பாடத்தைச் சொல்கின்றோமா?

மழை பெய்து இரண்டு கிழமை போனால் எமது குருநாகல் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் புல் முழங்காலளவு வளர்ந்துவிடும். அந்த நாட்களில் என்னுடைய கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "நானா, ஆகக் குறைந்த விலைக்குப் புல் வெட்டும் மெஷின் எவ்வளவு?"

விலையைச் சொல்லி, பெட்டியைக் கட்டிக் கொடுத்து, பில்லையும் கையில் கொடுத்தால் வியாபாரம் முடிந்தது என்றுதான் நானும் பல வருடங்களாக நினைத்திருந்தேன். அது பாதி வியாபாரம்தான் என்பதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு கூலித் தொழிலாளி.

2019ஆம் ஆண்டின் கடைசியில் நடந்த சம்பவம் இது. மற்றவர்களுடைய வளவுகளில் கத்தியால் புல் வெட்டிக் கூலி வாங்கும் ஒரு சிங்களக் குடும்பஸ்தர், மனைவியின் வளையலை அடகு வைத்த காசோடு கடைக்கு வந்து ஒரு மலிவான மெஷினை வாங்கிச் சென்றார். நான் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். கடைப் பொடியன் விற்றிருந்தான். பதினோராவது நாள் அவர் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கயிற்றை இழுத்தால் அசையவில்லை. மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். பிஸ்டன் உராய்ந்து சிலிண்டரோடு இறுகிப் போயிருந்தது. தாங்கியில் இருந்தது வெறும் பெற்றோல். ஒரு துளி ஒயில் கூட அதில் கலக்கப்படவில்லை.

"பெற்றோல் போடச் சொன்னார்கள் முதலாளி, போட்டேன்" என்றார் அவர்.

"பிழையான எண்ணெய் பாவித்தால் வாரண்டி இல்லை" என்றேன் நான். அது சட்டப்படி சரியான பதில்தான். அவர் ஒன்றும் பேசவில்லை. மெஷினைத் திரும்பத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, பாதையோரத்து வளவொன்றில் அவர் பழைய கத்தியோடு குனிந்து நிற்பதைக் கண்டேன். அன்று இரவு கணக்குப் புத்தகத்தைத் திறந்தபோது அந்த இலாபத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை.

இதில் பிழை யாருடையது? ஊற்றியவர் அவர்தான். ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயில் கலக்காமல் ஓட்டினால் அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருந்த கையேடு சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பொருளில் குறை இருந்தால் மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்பது நாம் சிறுவயதிலிருந்தே படித்த பாடம். பொருளைப் பாவிக்கும் முறையைச் சொல்லாமல் விற்பதும் அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய விடயம் என்றே நான் இன்று நினைக்கின்றேன்.

மறுநாள் ஆள் அனுப்பி அவரை அழைத்தேன். திருத்திக் கொடுப்போம் என்று பார்த்தால் அடுத்த பாடம் காத்திருந்தது. கொழும்பில் இறக்குமதி செய்தவரிடம் கேட்டபோது, அந்த மொடல் ஒரு தடவை மட்டும் வந்தது, அதற்கு உதிரிப்பாகம் இல்லை என்றார். மூன்று கிழமை தேடியும் பொருத்தமான சிலிண்டர் கிடைக்கவில்லை. கடைசியில், அவர் கொடுத்த காசைக் கழித்து, பாகம் கிடைக்கக்கூடிய வேறொரு மெஷினைத் தவணைக்குக் கொடுத்தேன். அவர் மாதாமாதம் கட்டி முடித்தார். இன்றும் ஒயிலுக்கும் தங்கூசிக்கும் என்னிடம்தான் வருகின்றார்.

இந்த அனுபவத்தை வைத்து, வாங்கும் சகோதரர்களுக்கும் விற்கும் சகோதரர்களுக்கும் சில விடயங்களைச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் வாங்குபவர்கள். உங்களுக்கு மெஷின் தேவையா என்று யோசியுங்கள். 10 பேர்ச் வளவில் மாதம் ஒரு தடவை வெட்ட பெற்றோல் மெஷின் தேவையில்லை. கூலிக்கு ஆள் பிடிப்பதே இலாபம். கரண்டில் அல்லது பெற்றரியில் ஓடும் சிறிய மெஷினும் போதும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தென்னை நிலம் இருப்பவருக்குத்தான் பெற்றோல் மெஷின் கூலியை மிச்சப்படுத்தும்.

அடுத்து, டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்ற கேள்வி. டூ ஸ்ட்ரோக் பாரம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் பெற்றோலில் ஒயில் கலக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெற்றோல் தனி, எஞ்சின் ஒயில் தனி. சத்தமும் புகையும் குறைவு, விலை கூட. உதாரணமாக ஹொண்டாவின் ஜீ.எக்ஸ். 35 எஞ்சின் 35.8 சீ.சீ. அதில் ஊற்றுவது வெறும் 100 மில்லி லீற்றர் எஞ்சின் ஒயில். அந்தச் சிறிய அளவு குறைந்துபோனால் அந்த எஞ்சினும் தப்பாது என்பதால், ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ண முன் ஒயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். நீங்களே பாவிப்பதென்றால் எதை வாங்கினாலும் பரவாயில்லை. பல கைகளில் போகும் மெஷின் என்றால், கலப்பதை ஒருவர் மறந்தாலும் நட்டம் உங்களுக்கே என்பதை நினைத்து வாங்குங்கள்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் சீ.சீ. இலக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எஞ்சினில் உள்ள தகட்டைப் பாருங்கள். விலையைக் கேட்பதற்கு முன் கடைக்காரரிடம் மூன்று பாகங்களைக் கேளுங்கள்: காபரேட்டர், இழுவைக் கயிற்றுத் தொகுதி, பிஸ்டன் ரிங். "இருக்கின்றது" என்று எடுத்துக் காட்டினால் அந்த மெஷினை வாங்கலாம். "அதெல்லாம் பழுதாகாது நானா" என்று சிரித்தால் வேறு கடைக்குப் போங்கள். கடையிலேயே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். அக்சிலேட்டரை விட்டவுடன் பிளேட் நின்றுவிட வேண்டும். சும்மா ஓடும்போதும் பிளேட் சுற்றினால் அது ஆபத்து. அதைச் சரிசெய்து தராமல் வாங்க வேண்டாம்.

இனிப் பராமரிப்பு. இதற்கு மெக்கானிக் தேவையில்லை, பத்து நிமிடம் போதும்.

கலவை அளவைக் கையேட்டில் பாருங்கள். 25க்கு 1 என்றிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லி லீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயில். 50க்கு 1 என்றால் 20 மில்லி லீற்றர். கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். பாமசியில் கிடைக்கும் மருந்து அளக்கும் குவளையே போதும். தனிப் போத்தலில் கலந்து குலுக்கி, பிறகு தாங்கியில் ஊற்றுங்கள். 92 ஒக்டேன் பெற்றோல் இந்த எஞ்சின்களுக்குத் தாராளம். கலந்த பெற்றோலை ஒரு மாதத்திற்கு மேல் வைத்திருக்க வேண்டாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றவே வேண்டாம்.

வெட்டி முடிந்தவுடன் எஞ்சினைச் சுற்றி ஒட்டியிருக்கும் புல்லைத் தட்டிவிடுங்கள். காற்றால் குளிரும் எஞ்சின் அது. காற்றுப் போகும் வழியைப் புல் அடைத்தால் சூடேறிப் பழுதாகும். எயார் ஃபில்டர் ஸ்பொன்ஜ் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்துப் போடுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிறிய கபில நிறம் என்றால் எஞ்சின் சுகமாக இருக்கின்றது. கறுப்பாக ஈரமாக இருந்தால் ஒயில் கூடிவிட்டது, அல்லது ஃபில்டர் அடைத்துவிட்டது. பிளேட்டுக்கு மேலே உள்ள கியர் பெட்டிக்கு இடைக்கிடை கிரீஸ் அடியுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் முதல் ஒயிலை முதல் மாதத்திலேயே மாற்றிவிடுங்கள். புதிய எஞ்சினில் உராயும் இரும்புத் தூள் அந்த ஒயிலில்தான் இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரு மாதத்திற்கு மேல் பாவிக்காமல் வைப்பதென்றால் தாங்கியைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை எஞ்சினை ஓட விடுங்கள். காபரேட்டரில் தங்கும் பழைய பெற்றோல் பிசினாகி நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். முறை வருமளவுக்கு நிலைமை போனதே, நினைவிருக்கின்றதா? அந்தக் காலத்தில் எத்தனையோ மெஷின்கள் அரைத் தாங்கிப் பெற்றோலோடு மாதக்கணக்கில் மூலையில் கிடந்தன. பிறகு திருத்த வந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு என்னுடைய மெக்கானிக் செய்த வேலை காபரேட்டரைக் கழுவியது மட்டும்தான்.

அதே வருடம்தான் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை போனது. அதற்கு முன் "பழுதானால் புதிது வாங்குவோம்" என்று சொன்ன பலர், அதற்குப் பிறகுதான் பழைய மெஷினைத் தூசு தட்டி எடுத்து வந்தார்கள். பராமரித்து வைத்திருந்தவருடைய மெஷின் அன்று இரு மடங்கு பெறுமதியானது. போட்டு வைத்திருந்தவருடையது பழைய இரும்புதான்.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். சுற்றும் பிளேட்டில் பட்ட சிறு கல் கண்ணைப் பறித்துவிடும். கண்ணாடியும் சப்பாத்தும் இல்லாமல் வெட்டக்கூடாது. வெட்டும் இடத்திலிருந்து 15 மீற்றருக்குள் பிள்ளைகளை விடக்கூடாது. வெடித்த பிளேட்டை வெல்டிங் வைத்துப் பாவிக்கவே கூடாது.

இப்போது விற்கும் சகோதரர்களிடம் வருகின்றேன். "எல்லோருக்கும் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தால் கடை நடத்துவது எப்படி?" என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கின்றார்கள். நியாயமான கேள்விதான். நான் செய்வது இவ்வளவுதான். மெஷினோடு ஒரு சிறிய போத்தல் ஒயிலும் அளவுக் குவளையும் கொடுக்கின்றேன். கலவை அளவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தாங்கியின் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகின்றேன். முதல் தாங்கியைக் கடை வாசலில் வாடிக்கையாளரின் கையாலேயே கலக்கச் சொல்கின்றேன். ஐந்து நிமிட வேலை. வந்தவர் அவசரத்தில் இருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. பாகம் கிடைக்காத மொடலை எவ்வளவு இலாபம் என்றாலும் இறக்குவதில்லை.

இதனால் சில வியாபாரங்களை நான் இழந்திருக்கின்றேன். பக்கத்துக் கடையில் இரண்டாயிரம் ரூபா குறைவு என்று போனவர்கள் உண்டு. ஆனால் பிளக், ஃபில்டர், தங்கூசி, ஒயில் என்று வருடம் முழுவதும் வருபவர்களை வைத்துக் கணக்குப் பார்த்தால், மெஷினில் வரும் இலாபத்தைவிட அதன் பின்னால் வரும் இலாபம் எனக்குக் குறைவில்லை. மேலும், விலையில் நம்மை வெல்ல இன்று பெரிய கடைகளும் இணையத்தில் விற்பவர்களும் இருக்கின்றார்கள். பெட்டியை வாசலுக்கு அனுப்ப அவர்களால் முடியும். இழுவைக் கயிறு அறுந்த மெஷினோடு வருபவரை உட்கார வைத்து, ஒரு பிளேன்டீ கொடுத்து, கையோடு திருத்தி அனுப்ப ஊர்க் கடைக்காரனால்தான் முடியும். சிறிய வியாபாரிக்கு மிஞ்சியிருக்கும் முதல் அதுதான்.

கூலிக்குப் புல் வெட்டும் அந்த மனிதர் என்னுடைய மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு போன அன்று, வழியில் கண்டவர்களெல்லாம் எங்கே வாங்கினாய் என்று அவரிடம் கேட்டிருப்பார்கள். அவர் என்னுடைய பெயரைச் சொல்லியிருக்கமாட்டார். "அந்த முஸ்லிம் கடையில்" என்றுதான் சொல்லியிருப்பார். ஒருவன் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை அவனுடைய கடையோடு நின்றுவிடுவதில்லை. ஆகவே அடுத்த மழைக்கு முன், உங்கள் கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து, அந்தக் கையேட்டை நீங்களே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு விளங்காதது உங்கள் வாடிக்கையாளருக்கு எப்படி விளங்கும்?