யாருடைய தொலைபேசி? கம்பியில்லா இயக்கிகளை மாற்றும் உரிமை பற்றி

பொருளொன்றை விலை கொடுத்து வாங்கியவர் அப்பொருளுக்கு உடையவரா, அன்றேல் அதனைப் பயன்படுத்த இசைவு பெற்றவர் மாத்திரமா என்னும் வினா புதியதன்று. நிலத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வந்த இவ்வினா, இன்று நம் ஒவ்வொருவர் கையிலுமுள்ள தொலைபேசியைப் பற்றியும் கேட்கப்பட வேண்டியதாயிற்று. அதனைக் கேட்பது பொறியியற் பீடத்தாரின் வேலை, கலைப்பீட மாணவரின் வேலையன்று என்பாருமுளர். உடைமை, உரிமை, அதிகாரம் என்பனவற்றை ஆராய்வது நமது பீடத்தின் வேலை அன்றெனின், வேறெப்பீடத்தின் வேலை என்பதை அவர்களே சொல்லட்டும்.

தொலைபேசியினுள் வைபை அலைகளைப் பெறவும் அனுப்பவும் ஒரு சில்லு உண்டு. அது தானாகத் தொழிற்படுவதில்லை. இயங்குதளத்தின் மையமாகிய கருநிரலுக்கும் அச்சில்லுக்கும் இடையில் நின்று, ஒன்றின் கட்டளையை மற்றொன்றிற்கு எடுத்துரைக்கும் நிரலொன்று வேண்டும். ட்ரைவர் என வழங்கும் அந்நிரலையே இக்கட்டுரை இயக்கி என்கிறது. என்ன செய்ய வல்லது என்பது சில்லின் அமைப்பைப் பொறுத்தது. அவ்வல்லமையில் எவ்வளவு பயன்படுத்துவோரின் கைக்கு எட்டும் என்பதோ பெரிதும் இயக்கியைப் பொறுத்தது. உடைமை பற்றிய வினா இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் எழுகிறது.

இதற்கு வரலாறு தரும் நல்ல உதாரணம் நொக்கியா நிறுவனம் 2009 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட என்900 தொலைபேசியாகும். லினக்ஸ் கருநிரலை அடிப்படையாகக் கொண்ட மேமோ 5 என்னும் இயங்குதளத்தில் அது இயங்கிற்று. அதிலிருந்த வைபைச் சில்லு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டபிள்யூஎல்1251 ஆகும். நொக்கியா வழங்கிய இயக்கி அன்றாடத் தேவைகளுக்குப் போதுமானதாயிருந்தது. ஆயினும், வலையமைப்பொன்றின் காவல் எவ்வளவு உறுதியானது என்பதைச் சோதிக்க விரும்புபவர், தாமே ஆக்கிய தரவுப் பொதிகளை வானலையிற் செலுத்த வேண்டும். நிறுவனத்தின் இயக்கி அதற்கு இடந்தரவில்லை. தன்னார்வலர்கள் மூலநிரலைத் திருத்தி, அதற்கு இடந்தரும் வேறோர் இயக்கியை ஆக்கினர். முன்னேற்பாடுகளை ஒருமுறை செய்துகொண்ட பின்னர், ஒரு கட்டளையாற் பழைய இயக்கியைக் கருநிரலிலிருந்து அகற்றி மற்றொரு கட்டளையாற் புதியதை ஏற்ற முடிந்தது. வேலை முடிந்ததும் பழையதற்கே மீளவும் முடிந்தது. சில்லு அதே சில்லுதான். அது யார் சொற்படி நடக்கிறது என்பது மாத்திரமே மாறிற்று.

பிற்காலத்து உதாரணமும் உண்டு. பைன்64 நிறுவனத்தின் பைன்போன் 2020 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முதன்முதலாக வாங்கியோர் கைகளைச் சென்றடைந்தது. அதன் வைபைச் சில்லு ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8723சிஎஸ். உற்பத்தியாளர் வழிவந்த இயக்கி லினக்ஸின் பிரதான கருநிரலிற் சேர்க்கப்படாதிருந்தமையால், கருநிரல் மாறுந்தோறும் தன்னார்வலர்கள் அதனைத் தனியே திருத்திப் பேணவேண்டியிருந்தது. 2024 ஆம் ஆண்டில், கருநிரலில் ஏற்கெனவே இருந்த ஆர்டிடபிள்யூ88 என்னும் இயக்கிக் குடும்பத்தில் இச்சில்லுக்கான ஆதரவும் சேர்ந்தது. ஒரு சில்லை ஒரு நேரத்தில் ஓர் இயக்கியே ஆளலாம். ஆகவே, ஒன்றை விலக்குப் பட்டியலில் எழுதிவைத்து மற்றதை ஏற்ற வேண்டும். புதியது இடர் தந்தால் பழையதற்குத் திரும்பலாம். உற்பத்தியாளரின் அக்கறை எங்கே முடிந்ததோ அங்கே தொலைபேசியின் வாழ்வும் முடியவேண்டும் என்னும் நியதி இவ்வாறு உடைந்தது.

இவ்வுரிமைக்கு எதிராகக் கூறப்படுவன மூன்று. முதலாவது, சாதாரண மனிதர் எவரும் இயக்கியை மாற்றப்போவதில்லை என்பது. இது உண்மைதான், ஆனால் வாதமன்று. நூலகத்திலுள்ள நூல்களுக்கெல்லாம் விமர்சனம் எழுதுவோர் மிகச் சிலரே. அதனால் விமர்சன உரிமை அச்சிலருக்கு மாத்திரமே பயன்படுகிறது எனக் கூறுவோமா? பைன்போனின் புதிய இயக்கியை எழுதியோர் சிலர். அதன் பயனை அடைவோர் அத்தொலைபேசியை வைத்திருக்கும் அனைவரும். உரிமையைப் பயன்படுத்துவோர் தொகையைக் கொண்டு உரிமையின் பெறுமதியை அளப்பது கடைக்காரரின் கணக்கேயன்றிச் சமூகத்தின் கணக்கன்று.

இரண்டாவது, வானலை பொதுச்சொத்து. இயக்கியைத் திருத்துவோர் விதித்த எல்லைக்கு மேற்பட்ட வலுவில் ஒலிபரப்பிப் பிறருக்கு இடையூறு செய்வர் என்பது. வானலைக்குச் சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் சட்டத்தின் பெயராற் பூட்டுப் போடுவது வேறு. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டற் குறிப்பொன்று, வைபைக் கருவிகளில் வெளியார் மென்பொருள் ஏற்றப்படுவதை எவ்வாறு தடுக்கிறீர்கள் என உற்பத்தியாளரைக் கேட்டது. எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டில் அக்குறிப்பு திருத்தப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் டிபி-லிங்க் நிறுவனம், தனது ரவுட்டர்கள் வலு எல்லையை மீற இடமளித்தமைக்காக இரண்டு இலட்சம் டொலர் செலுத்த இணங்கியபோது, வெளியார் மென்பொருளுக்கு இடமளிக்கும் வழிகளை ஆராய்வதற்கும் அவ்விணக்கத்தின்படி கடமைப்பட்டது. எல்லையைக் காப்பதும் திறப்பை உடையவரிடம் விடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல என்பதை ஆணைக்குழுவே ஏற்றுக்கொண்டது. நம்மவருட் சிலர் இன்னும் ஏற்கவில்லை.

மூன்றாவது, பொதிகளைச் செலுத்தவல்ல இயக்கி அயலார் வலையமைப்பைத் தாக்கவும் உதவும் என்பது. உதவும்; மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வல்லமை சாதாரணக் கணினிக்கும் மலிவான வைபைப் பொருத்திக்கும் உண்டு. தாக்குதலைத் தண்டிக்கச் சட்டம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். தன் வீட்டுக் கதவு உறுதியானதா எனத் தட்டிப்பார்க்கும் உரிமையை எல்லோரிடமிருந்தும் பறிப்பதாற் கள்வர் குறையப்போவதில்லை. உறுதியற்ற கதவுகளே பெருகும்.

இங்கே ஒரு பெரும் ஏமாற்றையும் சுட்டிக்காட்ட வேண்டும். ஆண்ட்ரோய்ட் தொலைபேசிகளும் லினக்ஸ் கருநிரலிலேயே இயங்குகின்றன. அக்கருநிரல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு என்னும் உரிமத்துக்கு உட்பட்டது. அதனை விநியோகிப்போர் மூலநிரலையும் வழங்கக் கடமைப்பட்டோர். ஆயினும் அத்தொலைபேசிகளுட் பலவற்றில் இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் நிரல் பூட்டப்பட்டிருக்கிறது. திருத்திய கருநிரலைக் கருவி ஏற்காது. 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளில் திருத்திய நிரலை நிறுவுதற்கு வேண்டிய தகவலையும் வழங்குமாறு விதித்தது. லினக்ஸ் கருநிரலோ இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. படிக்கும் உரிமை உண்டு. திருத்தும் உரிமை உண்டு. திருத்தியதைத் தன் கருவியில் ஏற்றும் வழி மாத்திரம் இல்லை! அரசியலமைப்பில் எழுதப்பட்டு நடைமுறையில் மறுக்கப்படும் உரிமைகளைப் பற்றிப் படித்தோருக்கு இந்நிலையை மேலும் விளக்கவேண்டியதில்லை.

இயக்கியை மாற்றிவிட்டால் எல்லாம் வந்துவிடும் என மயங்கவும் வேண்டாம். சில்லின் உள்ளேயே இயங்கும் நிலைபொருள் என்னும் நிரல், பெரும்பாலும் மூலநிரல் வெளியிடப்படாது மூடுண்டே கிடக்கிறது. 2017 ஆம் ஆண்டில் புரோட்பவுன் எனப் பெயர்பெற்ற குறைபாடு, ஐபோன்களிலும் பல ஆண்ட்ரோய்ட் தொலைபேசிகளிலும் இருந்த புரோட்கொம் வைபைச் சில்லுகளின் நிலைபொருளிலேயே கண்டறியப்பட்டது. ஆதரவு தொடர்ந்த தொலைபேசிகளுக்கு அவ்வாண்டு ஆடி மாதத்திற் திருத்தம் கிடைத்தது. ஆதரவு நிறுத்தப்பட்டவற்றை வைத்திருந்தோர் என்ன செய்திருக்க முடியும்? இயக்கியை மாற்றியும் பயனில்லை. நிலைபொருளைத் திருத்த வழியுமில்லை. ஆகவே இயக்கியுரிமை போராட்டத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று.

தன்னார்வலர் இருக்கின்றனர் என்பதற்காக உற்பத்தியாளர் தம் கடமையைக் கைகழுவுவதையும் நாம் ஏற்கலாகாது. ஊதியமின்றி உழைப்போரின் தோளிற் பாரத்தை ஏற்றிவிட்டு இலாபத்தை மாத்திரம் எடுத்துச்செல்வது சுதந்திரமன்று. சுரண்டலின் மற்றொரு வடிவம்.

எனவே நமது கோரிக்கை தெளிவானது. விற்கப்படும் ஒவ்வொரு தொலைபேசியின் பூட்டுக்குமான திறப்பு வாங்கியவரிடம் இருக்கவேண்டும். சில்லின் இயக்கியும் அதனைத் திருத்த வேண்டிய விவரங்களும் சில்லோடு சேர்ந்தே வரவேண்டும். ஆதரவை நிறுத்தும் உற்பத்தியாளர், அன்றே நிலைபொருளின் மூலநிரலைப் பொதுவில் வைக்கவேண்டும். இவற்றை மறுப்போர், தாம் தொலைபேசியை விற்கவில்லை, வாடகைக்கே விடுகிறோம் என்று பெட்டியின் மேல் அச்சிடட்டும். குறைந்தபட்சம் அது நேர்மையாயிருக்கும்.