முன்னே கடை! பின்னே பட்டறை!

கூலி எங்குக் குறைவோ அங்கே தொழில் ஓடும் என்பர் பொருளியலார். அஃது அரை உண்மையே. மற்றைப் பாதியை அறிய விழைவோர், ஆங்காங் நகரையும் சீனத்தின் சென்சென் நகரையும் பிரிக்கும் சிற்றாற்றின் இரு கரைகளையும் நோக்குதல் வேண்டும்.

1960-களில் அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் ஆங்காங் நகருக்கு வந்தது கூலி கருதியே. அங்குள்ள பெண்கள் சில்லுகளையும் கைவானொலிகளையும் கோத்தனர். பின்னர் அங்கு நிலவிலையும் கூலியும் ஏறின. 1980-இல் சீன அரசு வடகரையைச் சிறப்புப் பொருளியல் மண்டலமாக்கவே, தென்கரை முதலாளிகள் பொறிகளையும் உறுப்புகளையும் அங்கு அனுப்பினர். வடகரையார் கொடுத்தவை நிலமும் கொட்டகையும் கைகளும். பெற்றதோ வெறுங் கோப்புக் கூலி! 'முன்னே கடை, பின்னே பட்டறை' என அவ்வேற்பாட்டுக்குச் சீனரே பெயரிட்டனர். பட்டறையான் என்றும் பட்டறையானாகவே கிடப்பான் எனத் தென்கரையார் எண்ணினர் போலும்.

அவ்வாறு நடக்கவில்லை. 1987-இல் சென்சென்னில் தோன்றிய உவாவே நிறுவனம் முதலிற் செய்தது, ஆங்காங்கின் தொலைபேசி இணைப்புப் பொறிகளை வாங்கி விற்கும் தரகு வேலையே. அதனோடு அமைந்திருந்தால் இன்று அதன் பெயரை யார் அறிவர்? ஈட்டியதை ஆய்விற் கொட்டி, 1990-களின் முற்பகுதியிலேயே தனக்குரிய பொறிகளைத் தானே வடிவமைத்தது. உறுப்பு விற்போரும் அச்சு வார்ப்போரும் வரைவு செய்வோரும் ஒரே நகரிற் கூடினர். ஆங்காங் பல்கலைக்கழகம் ஒன்றிற் பயின்ற வாங் தாவோ, 2006-இல் ஆளில்லா வானூர்தித் தொழில் தொடங்கச் சென்றதும் வடகரைக்கே!

தென்கரையில் 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 9 இலக்கம் பேர் ஆலைகளில் உழைத்தனர். இன்று அந்நகரின் பொருள் விளைவில் ஆலைத்தொழிலின் பங்கு நூற்றில் ஒன்றளவே. வேலையிழந்த நடுவயதுப் பெண்கள் துப்புரவுப் பணிக்குப் போயினர். முதலாளிகளுக்கு இழப்பில்லை, அவர்தம் பட்டறைகள் ஆற்றுக்கு அப்பால் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

வடகரையின் வெற்றியைப் பாடுவோரும் ஒன்றை மறைக்கின்றனர். சிற்றூர்களினின்று வந்த உழைப்பாளர்க்குக் குடிப்பதிவு பிறந்த ஊரிலேயே இருந்தமையால், நகரத்தார்க்குரிய கல்வி, மருத்துவ உரிமைகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. 2010-இல் பாக்சுகான் ஆலையில் இளைஞர் பலர் அடுத்தடுத்துத் தம்முயிரை மாய்த்துக்கொண்டது உலகறிந்த செய்தி. அதன்பின் கூலி உயர்ந்தது. உடனே கோப்பு வேலை செங்சோ முதலிய உள்நாட்டு நகரங்களுக்கும், பின்னர் எல்லை கடந்து வியத்நாமின் வடபகுதிக்கும் பெயர்ந்தது. வரைவறிவோ சென்சென்னிலேயே நின்றது.

வியத்நாமின் பாக்நின் இன்று கைப்பேசி கோக்கிறது. உறுப்புகள் மிகுதியும் சீனத்தினின்றே வருகின்றன. அங்குக் கோக்கும் கைகளை வரைவுக் கூடத்துக்குள்ளும் விடுவார்களா? அன்றிக் கூலி ஏறும் நாளில் அவ்வாலைகளும் மூட்டை கட்டுமா?