கம்பை இறுக்கிப் பிடிக்கச் சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளைச் சிலம்பத்துக்கு அனுப்புகிறவர்கள் மட்டுமாவது முழுதும் படியுங்கள்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை எங்கே பார்த்தாலும் இப்போது சிலம்ப வகுப்புதான். மகிழ்ச்சி. 2021-ல் தமிழக அரசு வேலைவாய்ப்பில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்குள் சிலம்பம் வந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. கூட்டம் சேராமல் என்ன செய்யும்? ஆனால் கடற்கரை மணலில் பிள்ளைகள் கம்பு சுற்றும்போது ஓரத்தில் நிற்கும் பெற்றோர் போடும் சத்தம்தான் என்னை எழுத வைக்கிறது. "கம்பு நழுவுது பாரு, இறுக்கிப் பிடிடா!"

அந்த ஒரு சொல் பிள்ளையின் ஆட்டத்தையே கெடுத்துவிடும்.

இயற்பியல் வாத்தியார் சும்மா விடுவேனா, ஒரு சோதனை செய்யுங்கள். கையை முடிந்தவரை இறுக்கி முட்டி பிடியுங்கள். அப்படியே மணிக்கட்டைச் சுழற்றிப் பாருங்கள். சரியாக வராது. இப்போது விரல்களைத் தளர்த்திச் சுழற்றுங்கள். வித்தியாசம் தெரிகிறதா? விரல்களை மடக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்துதான் விரலுக்குப் போகின்றன. விரல் இறுகினால் மணிக்கட்டும் விறைக்கும். பிறகு பிள்ளை தோளைக்கொண்டு கம்பைச் சுற்றும். அரை மணி நேரத்தில் தோள் வலி, கம்பிலும் வேகம் இருக்காது.

வேகம் எங்கிருந்து வருகிறது? ஐந்தடிக் கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு 2 சுற்று சுற்றினால், முனை நொடிக்கு 30 அடிக்கு மேல் பாயும். கை நகர்வதோ சில அங்குலம். அந்தச் சில அங்குலமும் மணிக்கட்டின் வேலை. விரல்கள் இறுக வேண்டியது எதிராளியின் கம்போடு மோதும் கணத்தில் மட்டும். உடனே தளர்ந்துவிட வேண்டும்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. கோல்ஃப் ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் 82 பிஜிஏ பட்டம் வென்றவர். மட்டையைக் குருவிக் குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடிக்கச் சொன்னவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பறந்துவிடவும் கூடாது, நசுங்கவும் கூடாது. அவ்வளவு தூரம் போவானேன், மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் பக்கம் சிற்பக்கூடத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். காலையிலிருந்து மாலை வரை உளியும் சுத்தியலுமாக இருப்பவர்கள் இறுக்கிப் பிடித்தா அடிக்கிறார்கள்? சுத்தியல் தன் எடையில் விழுகிறது, மணிக்கட்டு அதைத் தூக்கிவிடுகிறது.

கம்பின் அளவையும் சொல்லியாக வேண்டும். நின்றால் நெற்றி உயரம் என்பது பழைய கணக்கு. நம்மவர்கள் யூனிஃபார்ம் தைப்பதுபோல, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பெரிய கம்பாக வாங்கித் தருகிறார்கள். எடை தாங்காத பிள்ளை இறுக்கித்தானே பிடிக்கும்?

எனக்கு உண்மையில் கோபம் வருவது "சாதனை" நிகழ்ச்சிகள்மேல். என் தங்கை பேத்திக்கு ஒன்பது வயது. சான்றிதழுக்காக மூன்று மணி நேரம் நிறுத்தாமல் சுற்ற வைத்தார்கள். மறுநாள் பென்சில் பிடிக்க முடியவில்லை, மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். களைத்த கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும், தப்பாகப் பிடித்தது அப்படியே பழகியும் போகும். அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்யப்போகிறோம்? பன்னிரண்டு வயதுக்குக் கீழே இந்த மணிக்கணக்குச் சாதனைகளே வேண்டாம் என்பது என் கருத்து. முதல் மாதம் வெறுங்கையில் மணிக்கட்டுப் பயிற்சியும் காலடியும் போதும். "இன்னும் கம்பே குடுக்கலையா சார்" என்று ஆசானை நச்சரிக்காதீர்கள்.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் வகுப்பு நடத்தும் நம் பழைய மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். எந்த வயதுக்கு என்ன எடையில் கம்பு கொடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்ப்பா. நான் சொன்னதில் மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதலாம். என் கையில் இப்போது பிரம்பு இல்லை.