கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கனவு

பகற்கனவு காணாதவர் யார்? பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எங்கோ போகும் மனது, இறங்குமிடம் வந்ததும் திரும்பிவிடும். திரும்ப மறுத்தால்தான் சிக்கல்.

இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழக உளவியலாளர் எலி சோமர், சிகிச்சைக்கு வந்த 6 பேரிடம் இப்படித் திரும்ப மறுக்கும் பகற்கனவைக் கண்டு 2002-ல் கட்டுரை எழுதினார். பிறகு உலகெங்குமிருந்து பலர் ‘எனக்கும் இப்படித்தான்’ என்றார்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். உதடு முணுமுணுக்கும், முகம் சிரிக்கும், சில சமயம் அழும். உள்ளே ஓடுவது ஆண்டுக்கணக்கில் நீளும் மெகா சீரியல். அத்தனையும் கற்பனை என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். மனச்சிதைவு நோயிலிருந்து இது வேறுபடுவது அங்கேதான்.

2009-ல் ஆய்விதழொன்றில் வெளியான, இப்படிக் கனவில் மூழ்கிய ஒரு பெண்ணின் கதை ஆறுதலானது. எண்ணச் சுழற்சி நோய்க்குத் தரும் ஃப்ளூவாக்ஸமின் மாத்திரை, கனவுகளைக் கட்டுக்குள் வைக்க உதவியதாக அவர் சொன்னார். ஒருவரின் அனுபவம்தான், எல்லாருக்குமான மருந்துச் சீட்டு அல்ல.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலோ உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ இது தனி நோயாக இன்னும் இல்லை. தயக்கம் நியாயமே, கற்பனைக்கெல்லாம் நோய்ப் பெயர் சூட்டினால் எழுத்தாளர்கள் பாதிப்பேர் ஆஸ்பத்திரியில்தான் இருப்பார்கள். ஆனால் படிப்பும் வேலையும் கைநழுவுகிறவரைச் ‘சோம்பேறி’ என்று திட்டி அனுப்புவது அநியாயம். 2017-ல் இப்படிக் கனவில் மூழ்கும் 39 பேரை ஆராய்ந்தபோது, முக்கால்வாசிப் பேருக்குமேல் கவனக்குறைபாடும் இருந்தது. அந்தக் குறையோடு வருபவரிடம் மருத்துவர்கள் பகற்கனவைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கலாம்.