பழைய டிராயிங்கை மாடலாக்கும் வேலை: கேள்வி கேட்கும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது?

மெல்பேர்னில் டண்டினோங் சவுத், கேம்பல்ஃபீல்ட் பக்கமும், சிட்னியில் வெதரில் பார்க், ஸ்மித்ஃபீல்ட் பக்கமும் உள்ள சிறு தொழிற்சாலைகளில் நம்மவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். கேரவன், டிரெய்லர், கன்வேயர், பேக்கரி இயந்திரம் என்று எதையாவது செய்யும் இடங்கள். 2016-இல் ஃபோர்டும், 2017 அக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் இங்கே கார் செய்வதை நிறுத்திய பிறகும் ஷட்டரை இறக்காமல் தாக்குப்பிடித்தவை. இப்படி ஓர் இடத்தில் நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இருந்தால் இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கும்: "பழைய டிராயிங் எல்லாத்தையும் த்ரீ-டிக்கு மாத்தப் போறாங்களாம்."

மாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோவையில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். தட்டை டிராயிங்கில் ஒரு பாகத்தை மூன்று பக்கத்திலிருந்து பார்த்துக் கோடுகளாகப் போடுகிறோம். ஒரு படத்தில் ஓட்டையை நகர்த்தினால் மற்ற இரண்டிலும் நாமே போய் நகர்த்த வேண்டும். மறந்தால் மறந்ததுதான். சாலிட் மாடலில் பாகமே கணினிக்குள் இருக்கிறது. ஓட்டையை ஓரிடத்தில் நகர்த்தினால் எல்லாப் படத்திலும் நகரும், எடை தானாக வரும், இரண்டு பாகம் முட்டிக்கொண்டால் தகட்டை வெட்டும் முன்பே தெரியும். 1994 ஜூனில் முதன்முதலாகப் பறந்த போயிங் 777 இப்படி முழுக்கக் கணினியில் வடிவமைக்கப்பட்ட விமானம். மரத்தாலும் உலோகத்தாலும் முழு விமானத்துக்கும் மாதிரி கட்டும் பழைய வழக்கத்தை அதில் கைவிட்டார்கள். சரிபார்ப்பதற்காக மூக்குப் பகுதிக்கு மட்டும் ஒன்று கட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் மென்பொருளை வாங்கிவிட்டால் மாற்றம் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏர்பஸ் ஏ380-இன் கதையைக் கேட்க வேண்டும். அந்த விமானம் பயணிகளுடன் முதலில் வந்து இறங்கியதே நம்ம சிட்னியில்தான்: 2007 அக்டோபர் 25, சிங்கப்பூரிலிருந்து. வர வேண்டிய நாளைவிட ஒன்றரை வருடத்துக்கு மேல் தாமதம். பிரான்ஸிலும் பிரிட்டனிலும் இருந்த பொறியாளர்கள் கட்டியா மென்பொருளின் ஐந்தாம் பதிப்பில் இருந்தார்கள். ஜெர்மனியும் ஸ்பெயினும் நான்காம் பதிப்பை விடவில்லை. ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கத்து டிராயிங்குக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஒரு விமானத்துக்குச் சுமார் 500 கிலோமீட்டர் மின்கம்பி. ஹாம்பர்க்கில் தயாரான கம்பிக் கட்டுகளை துலூஸுக்குக் கொண்டுபோய் மாட்டினால் நீளம் போதவில்லை. 2006 ஜூன் 14 அன்று தாய் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் கால்வாசி விழுந்தது. அடுத்த மாதமே தலைவர்கள் பதவி விலகினார்கள். அவ்வளவு பணமும் அவ்வளவு பொறியாளர்களும் இருந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், இருபது பேர் உள்ள டண்டினோங் பட்டறையில் என்ன ஆகும்?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பேக்கரி அடுப்புக்குள் ஓடும் கன்வேயரின் சட்டம், 6 மீட்டர் நீளம். நான்கு கால்கள், காலுக்கு ஒரு போல்ட் ஓட்டை. இரண்டு கால்களில் வட்டமான ஓட்டை, மற்ற இரண்டில் நீட்டிய ஓட்டை. மாடல் போட்டவருக்கு அது யாரோ அவசரத்தில் கிறுக்கியதுபோலத் தெரிந்திருக்க வேண்டும். நான்கையும் அழகாக வட்டமாக்கிவிட்டார். சாதாரண இரும்பு 150 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 6 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 11 மில்லிமீட்டர் நீளும். நீள்வதற்கு இடமில்லாத சட்டம் வில்லாக வளைந்தது. பழைய டிராயிங்கைப் போட்ட யாழ்ப்பாணத்து அண்ணை ஓய்வுக்குப் போக மூன்று மாதம் இருந்தது. அவர் மேசை மாடலறையிலிருந்து பத்தடி தூரம். "தம்பி, உந்த ஓட்டையை நான் ஏன் நீட்டி வைச்சனான் எண்டு ஒருத்தரும் என்னட்டை வந்து கேக்கேல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பழைய டிராயிங்குகளில் இப்படி நிறைய ஒளிந்திருக்கும். ஆட்டோகேடில் கோட்டை மாற்ற நேரமில்லாமல் அளவின் எண்ணை மட்டும் தட்டி மாற்றியிருப்பார்கள். எண் 420 என்று சொல்லும், கோடு 400-ஆகவே இருக்கும். வெல்டர் எண்ணைப் படித்துச் சரியாகச் செய்தார். கோட்டை அப்படியே எடுத்து மாடலாக்கினால் 20 மில்லிமீட்டர் காணாமல் போகும். இன்னொன்று நம்ம ஊர் விஷயம். இந்தியப் பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்குப் பழகியது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை, ஆஸ்திரேலிய டிராயிங் தேர்ட் ஆங்கிள். ஒன்றில் இடப்பக்கம் வரும் படம் மற்றதில் வலப்பக்கம் வரும். டைட்டில் பிளாக்கில் வெட்டிய கூம்பும் இரண்டு வட்டமும் போட்ட சின்னக் குறி ஒன்று இருக்கும். அதைப் பார்க்கத் தவறினால் வலது கைப் பிராக்கெட் இடது கைப் பிராக்கெட்டாக வந்து நிற்கும்.

இதெல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடும் சங்கதி. ஏன் அழைப்பதில்லை? மாற்றும் வேலை பெரும்பாலும் கோவைக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறது. கொட்டேஷன் ஒரு ஷீட்டுக்கு இவ்வளவு என்று போடப்படுகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஷீட் என்று கணக்கு. "இந்த ஓட்டை ஏன் நீளமா இருக்கு?" என்று மின்னஞ்சல் அனுப்பி, பதில் வர மறுநாள் ஆனால் அன்றைய கணக்கில் ஒரு ஷீட் குறையும். கேள்வி கேட்பவனுக்கு நட்டம், கேட்காதவனுக்கு லாபம். இந்தப் பக்கம், பதில் சொல்லக்கூடிய அண்ணைக்கும் அந்த நேரத்துக்கு எந்த ஜாப் நம்பரும் கிடையாது. இரண்டு முனையிலும் தமிழர்கள், நடுவே பேச்சு மட்டும் இல்லை. இதை அந்தப் பையனின் திறமைக்குறைவு என்று இங்குள்ளவர்கள் சிரிக்கும்போது எனக்கு எரிச்சலாக வரும்.

நம் வீடுகளிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. எஞ்சினியர் என்றால் மரியாதை, டிராஃப்ட்ஸ்மேன் என்றால் "படம் வரையிறவர்". கல்யாணப் பேச்சில் அந்த வார்த்தையை விழுங்கிவிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, இங்கே பிறந்து பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படிக்கும் நம் பிள்ளைகள் மாடல் பிரமாதமாகப் போடுகிறார்கள், ஒரு ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் இடையே எவ்வளவு டாலரன்ஸ் என்றால் முழிக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. திரையில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துவதால் கேட்கத் தோன்றுவதில்லை. விடுமுறையில் ஆறு வாரம் ஒரு பட்டறையில், ஓய்வுக்குப் போகும் ஒரு அண்ணை பக்கத்தில் அவர்களை உட்கார வைத்தால் கம்பெனிக்கும் லாபம், பிள்ளைக்கும் லாபம்.

எல்லா ஷீட்டையும் ஒரே மூச்சில் மாற்றுவதும் வேண்டாத செலவு. பத்து வருடமாக யாரும் ஆர்டர் கொடுக்காத இயந்திரத்துக்கு மாடல் எதற்கு? ஸ்கேன் செய்து பத்திரமாக வைத்தால் போதும். ஆர்டர் வரும்போது அந்த இயந்திரத்தை மட்டும் மாற்றலாம். முதல் பாகம் செய்து முடிந்ததும் வெல்டரையும் ஃபிட்டரையும் கூப்பிட்டு மாடலோடு ஒத்துப் பார்க்கச் சொல்லலாம். நீட்டிய ஓட்டைக்குப் பக்கத்தில் "சூட்டில் நீள்வதற்கு" என்று மாடலிலேயே ஒரு குறிப்பு எழுத அரை நிமிடம் ஆகாது.

ஜூன் 30-க்குள் செலவைக் கணக்கில் காட்ட வேண்டும் என்று மென்பொருள் வாங்க ஓடும் நம் தொழில்முனைவோர் இதை வாசித்தால், அவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஷீட் கணக்கோடு, கேள்விகளுக்கு என்று இத்தனை மணி நேரம் என ஒரு வரியைக் கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நேரம் கோவைப் பையனுக்கும் உண்டு, இங்குள்ள அண்ணைக்கும் உண்டு. பிறகு டைட்டில் பிளாக்கில் "வரைந்தவர்" என்ற கட்டத்தில் அந்தப் பையனின் பெயரையே போடுங்கள். இப்போது பல இடங்களில் அங்கே இங்குள்ள மேலாளரின் முதலெழுத்துகள்தான் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று அடுத்த ஆளுக்குத் தெரிய வேண்டுமில்லையா?