பி.எஃப். பணமும் பொம்மனஹள்ளிப் பெண்களும்

2016 ஏப்ரல் 18. ஓசூர் ரோட்டில் பஸ் நகரவே இல்லை. பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் பெண்கள் மறியல் என்றார்கள். ஆபீசுக்கு லேட்டாகிறதே என்று நானும் முணுமுணுத்தேன்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. வேலையை விட்டாலும், முதலாளி கட்டிய பி.எஃப். பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று அந்த பிப்ரவரியில் மத்திய அரசு விதி போட்டிருந்தது. தையல் மெஷின் முன்னால் 58 வரை தாக்குப்பிடிப்பவர் எத்தனை பேர்? பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவர்கள் நம்பியிருந்தது அந்தப் பணத்தைத்தான்.

பெரிய சங்கம் எதுவும் கூப்பிடவில்லை. தாங்களாகவே இறங்கினார்கள். மறுநாள் போராட்டம் நகரத்தின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது. வண்டிகள் எரிந்தன. தடியடி, கண்ணீர்ப்புகை, கைது. அன்றைக்கே விதியை வாபஸ் வாங்கினார்கள்.

உரிமைக்காகப் போராடி ஆபத்தைச் சந்தித்த பெண் என்றால் பெங்களூரில் நமக்கு கௌரி லங்கேஷ்தான் நினைவுக்கு வருவார். 2017 செப்டம்பர் 5 அன்று வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். மறக்கவே கூடாது. ஆனால் 1998-ல் ஐ.நா. வெளியிட்ட பிரகடனம் பிரபலங்களுக்கு மட்டுமானதல்ல. அமைதியாக உரிமை கேட்கும் யாருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. பெயர் தெரியாத பெண்ணுக்கு அடி விழுந்தால் செய்தியில் அவள் வெறும் எண்ணிக்கைதான். வேலை போனால் அதுவும் இல்லை.

அந்த விதி நம்ம ஐ.டி. ஆட்களுக்கும் சேர்த்துத்தான். அதன்பிறகு வேலையை விட்டு முழு பி.எஃப். எடுத்து ஊரில் வீடு கட்டிய நண்பர்களே, அந்தப் பணத்துக்காக அடி வாங்கியவர்கள் அவர்கள். நாம் பஸ்ஸில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை ஓசூர் ரோட்டில் பஸ் நின்றால், எதற்கு என்று முதலில் இறங்கிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.